மூன்று வருடச் சலுகை

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

மத்திய அரசு வேலைத் தேர்வுகளுக்கான அறிவிப்புகளில் பல ஆண்டுகள் ஒரு வரி இருந்தது. வயது வரம்புத் தளர்வு யார் யாருக்கு என்ற பட்டியலில், பட்டியல் இனத்தவர், முன்னாள் ராணுவத்தினர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு ஓரிடத்தில் இப்படி வரும்: 1964 அக்டோபர் இந்திய இலங்கை ஒப்பந்தப்படி, 1964 நவம்பர் 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ இலங்கையிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினருக்கு மூன்று வருடம்.

நீலகிரியில் வாத்தியார் வேலை பார்த்தவன் என்பதால் இந்த வரியைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பலமுறை படித்துக் காட்டியிருக்கிறேன். என் வகுப்பில் பாதிப் பேர் அந்த வரிக்கு உரியவர்கள். அவர்களில் பலருக்கு அது எதற்காகத் தரப்படுகிறது என்று தெரியாது. இப்போது அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். அவர்களுக்கு ஒப்பந்தத்தின் பெயரே தெரியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

ஒப்பந்தத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் எத்தனை லட்சம் பேர் என்ற கணக்கை எழுதுகிறார்கள். நான் அந்தக் கணக்குக்குள் இருந்த பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளைப் பற்றி மட்டும் சொல்லப் போகிறேன். ஒரு குடும்பம் ஊரை விட்டு வெகுதூரம் போகும்போது கைக்குழந்தைக்கு எதுவும் தெரியாது. பெரியவர்களுக்கு ஏன் போகிறோம் என்று தெரியும். நடுவில் இருக்கும் அந்த வயதுக்காரர்களுக்குத்தான் எல்லாம் புரியும், ஆனால் எதிலும் சொல் கிடையாது.

முதலில் பின்னணி.

இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் 1820-களில் தொடங்கின. அதற்கான ஆட்கள் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிகள் மூலம் போனார்கள். மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே போனார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். பிறகு காப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும் என்பதால் குடும்பம் குடும்பமாக அங்கேயே தங்கினார்கள். லயத்துக் காம்பராவில் நாலைந்து தலைமுறை பிறந்து வளர்ந்தது.

1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்ற அதே ஆண்டு குடியுரிமைச் சட்டம் ஒன்று வந்தது. அப்பாவோ, தாத்தாவும் கொள்ளுத் தாத்தாவுமோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று காட்டினால்தான் பிரஜை. தோட்டத் தொழிலாளியிடம் அப்படி என்ன காகிதம் இருக்கும்? 1949-இல் இந்திய பாகிஸ்தானியக் குடியிருப்பாளருக்கென்று இன்னொரு சட்டம் வந்தது. அதிலும் பெரும்பாலானோர் விண்ணப்பம் தள்ளப்பட்டது. ஆக, ஏறக்குறைய பத்து லட்சம் பேர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நின்றார்கள்.

1964 அக்டோபர் 30-ஆம் தேதி பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இவர்களைப் பங்கு போட்டது. மொத்தம் 9,75,000 பேர். இதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பேசலாம். அப்படிப் பின்னால் பேசியது 1974-இல். இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். முழு வேலையையும் 15 ஆண்டுகளில் முடிப்பது என்பது திட்டம்.

அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் அப்போதே இதைச் சொல்லிக் கண்டித்தார். தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் எதிர்த்தார். எதிர்ப்பால் எண்கள் மாறவில்லை.

இனி பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். ஒப்பந்தத்தில் ஒரு சொற்றொடர் உண்டு: இத்தனை பேரும் அவர்களது இயற்கைப் பெருக்கமும். அதாவது 1964 அக்டோபர் 30-க்குப் பிறகு பிறக்கும் குழந்தைகள் அந்த 5,25,000-க்குள் வர மாட்டார்கள். தகப்பன் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அவர்களும் கூடவே போவார்கள். கோப்பில் அவர்களுக்குப் பெயர் இயற்கைப் பெருக்கம். கடைசியில் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தவர்கள் சுமார் 4,60,000 பேர். அதில் ஏறக்குறைய 1,24,000 பேர் இந்த இயற்கைப் பெருக்கம்தான். நாலில் ஒரு பங்குக்கும் மேல்.

புரிவதற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம். மூத்த பையன் 1963-இல் பிறந்தவன். தங்கை 1966. ஒப்பந்தம் கையெழுத்தானபோது பையனுக்கு ஒரு வயது. அவன் 9,75,000-இல் ஒரு தலை. தங்கை பிறக்கவே இல்லை, அவள் பெருக்கம். விண்ணப்பம் போடும் காலம் 1968 மே முதல் 1970 ஏப்ரல் வரை. தகப்பன் அதைப் போட்டபோது பையனுக்கு ஆறு வயது, தங்கைக்கு மூன்று. கண்டி இந்தியத் துணைத் தூதரகத்திலிருந்து பாஸ்போர்ட் வந்தபோது, 1976 என்று வைத்துக்கொள்ளுங்கள், அவனுக்குப் பதிமூன்று. கப்பல் ஏறியபோது, 1979, அவனுக்குப் பதினாறு, அவளுக்குப் பதிமூன்று.

ஆறு வயதில் அவனுக்காக எடுத்த முடிவைப் பதினாறு வயதில் அவன் அனுபவித்தான். இந்தப் பத்து வருட இடைவெளியைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

தகப்பன்மார் இந்தியாவுக்கு ஏன் எழுதிக் கொடுத்தார்கள்? எல்லாரும் விரும்பி எழுதவில்லை. உண்மையில் இலங்கைக் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தவர்கள் மூன்று லட்சத்தைத் தாண்டி வெகுவாக இருந்தார்கள். இந்தியாவுக்குக் கேட்டவர்கள் 5,25,000-க்குக் குறைவு. சிலர் சொந்த ஊர் என்ற பாசத்தில் எழுதினார்கள். சிலருக்கு இலங்கை கிடைக்காது என்ற பயம். எழுபதுகளில் பசி சேர்ந்துகொண்டது. 1973, 74-இல் தோட்டங்களில் கடும் உணவுத் தட்டுப்பாடு. மாவும் அரிசியும் கிடைக்காமல் ஆட்கள் செத்தார்கள். 1972-லும் 1975-லும் நிலச் சீர்திருத்தச் சட்டங்களின்படி தோட்டங்கள் அரசுடைமை ஆனபோது பல இடங்களில் தொழிலாளர்கள் விரட்டப்பட்டார்கள். 1977-இல் கலவரம். இத்தனைக்கும் பிறகு பாஸ்போர்ட் கையில் இருப்பவன் என்ன செய்வான்? கிளம்பத்தான் செய்வான்.

இந்த இரண்டு நாடுகளும் இவர்களை அனுப்பிய வேகத்துக்கும் ஒரு விகிதம் இருந்தது. ஏழுக்கு நாலு. இந்தியா ஏழு பேரை எடுத்தால் இலங்கை நாலு பேருக்குக் குடியுரிமை தரும். 1971-இல் சட்டத்தைத் திருத்தி, இந்தியக் குடியுரிமை கிடைத்தால் மட்டும் போதாது, ஏழு பேர் உண்மையிலேயே கப்பல் ஏறியிருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். ஆகவே பக்கத்து லயத்துக்காரன் கிளம்பினால்தான் இந்த லயத்துக்காரனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. ஒரே காம்பராவில் அண்ணன் இந்தியா, தம்பி இலங்கை என்று பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ. வயது வந்த பிள்ளைகள் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கல்யாணமான பெண் புருஷன் பக்கம். அப்பா அம்மா தங்கையோடு கப்பலில் வந்த பையனுக்கு, அங்கேயே நின்றுவிட்ட அக்காவை அதன் பிறகு பார்க்கவே கிடைக்காமல் போனதும் உண்டு.

என் மாணவர்களின் பெற்றோர் பலர் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். பாஸ்போர்ட் வந்த பிறகு பிள்ளைகளின் படிப்பை யாரும் கவனிக்கவில்லையாம். எப்படியும் போகப் போகிறோம், இங்கே படித்து என்ன ஆகப் போகிறது, அங்கே போய்ச் சேர்த்துக்கொள்ளலாம் என்பார்களாம். தோட்டப் பள்ளிகள் பலவற்றில் ஐந்தாம் வகுப்பு வரைதான். அதற்கு மேல் படிக்க ஹட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டி என்று டவுனுக்குப் போக வேண்டும். அதற்குப் பணம், துணிமணி, தினமும் பல மைல் நடை. போகிற வீட்டில் யார் செலவு செய்வார்கள்? இன்று போவோம், அடுத்த மாசம் போவோம் என்று இரண்டு மூன்று வருடம் ஓடிவிடும். ஒரு பிள்ளையின் படிப்பில் முதல் ஓட்டை கப்பல் ஏறுவதற்கு முன்பே விழுந்துவிட்டது. வாத்தியார் என்ற முறையில் எனக்கு இதுதான் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது. இடம் மாறிய அதிர்ச்சியைவிட, மாறப் போகிறோம் என்று காத்திருந்த வருடங்கள் அதிகம் தின்றுவிட்டன.

புறப்படும் நாளில் சேமநிதிப் பணமும் கருணைத்தொகையும் கைக்கு வரும். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய சொத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்க மாட்டோம் என்று இலங்கை அரசு ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்டிருந்தது. நாலு தலைமுறை உழைப்புக்கு எழுத்தில் இருந்த உத்தரவாதம் அவ்வளவுதான். ரயில்வே ஸ்டேஷனில் தோட்டமே கூடி நின்று அழும். கோச்சி என்றுதான் அவர்கள் ரயிலைச் சொல்வார்கள். கோச்சி தலைமன்னார் வரை. அங்கிருந்து கப்பல்.

கப்பல் வந்து சேர வேண்டிய இடம் முதலில் தனுஷ்கோடியாக இருந்தது. ஒப்பந்தம் கையெழுத்தாகி எட்டு வாரம்கூட ஆகவில்லை, 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடி ரயிலோடும் துறையோடும் கடலுக்குள் போய்விட்டது. பிறகு ராமேஸ்வரத்துக்குத்தான் கப்பல். எழுபதுகளில் வந்தவர்களைக் கேட்டால் ராமானுஜம் கப்பல் என்று பெயரைச் சொல்வார்கள்.

மண்டபம் முகாமில் பதிவு. இதே மண்டபத்தில்தான் ஒரு காலத்தில் தோட்டத்துக்குப் போகிற ஆட்களை நோய்த் தடுப்புக்காக நிறுத்திவைத்து அனுப்பினார்கள். போன வாசல் வழியாகவே திரும்பி வந்தார்கள். இங்கே குடும்ப அட்டை கொடுப்பார்கள். தலைவர் பெயர், மனைவி, பிள்ளைகள், வயது, என்ன உதவி என்பது எல்லாம் அதில். எங்கே போவது என்பதும் அங்கேதான் முடிவாகும். அரசாங்கம் வைத்த பெயர் தாயகம் திரும்பியோர். அந்தப் பதினாறு வயதுப் பையன் தாயகத்தை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறான்.

பெரும்பாலானோருக்குக் கிடைத்தது வியாபாரக் கடன். சில ஆயிரம் ரூபாய். கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் பழகிய கைக்கு மளிகைக் கடை வைக்கச் சொன்னால் என்ன ஆகும்? முகாமைச் சுற்றித் தரகர்கள் இருந்தார்கள். கடனுக்கு ஏற்பாடு செய்கிறேன், வீடு பார்த்துத் தருகிறேன் என்று பாதியைத் தின்றார்கள். கொண்டுவந்த ரேடியோவும் தையல் மெஷினும் அடிமாட்டு விலைக்குப் போயின.

பாட்டன் ஊர் என்று தேடிப் போனவர்களுக்கு வேறு அனுபவம். சொந்தக்காரர்கள் முதலில் வரவேற்றார்கள். கையில் இருந்த பணம் தீர்ந்ததும் முகம் மாறியது. நிலம் எப்போதோ கைமாறியிருந்தது. வந்தவர்களில் பெரும் பகுதி பட்டியல் இனத்தவர். தோட்டத்தில் சாதி இல்லை என்று சொல்ல மாட்டேன், இருந்தது. ஆனால் எல்லாரும் ஒரே லயத்தில், ஒரே பீலியில் தண்ணீர் பிடித்து, ஒரே பிரட்டில் நின்றவர்கள். அந்தப் பிள்ளைகள் டீக்கடையில் தனி டம்ளரை முதன்முதலில் பார்த்தது இங்கேதான். என்னிடம் படித்த ஒருவனின் தகப்பனார் சொன்னார்: "சார், அங்க எங்களக் கள்ளத்தோணின்னான். இங்க வந்தா சிலோன்காரன்னான். ஊருக்குள்ள போனா சாதியச் சொன்னான். மூணு பேருக்கும் பதில் சொல்ல எனக்கு அப்ப பதினஞ்சு வயசு."

கிராமத்தில் நிற்க முடியாதவர்கள் மலையைத் தேடி வந்தார்கள். குளிர் பழக்கம், தேயிலை பழக்கம். குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் இப்படிக் கேள்விப்பட்டு வந்து சேர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அரசு வேலை கொடுத்து வைத்தவர்களும் உண்டு. தாயகம் திரும்பியோருக்காகவே 1968-இல் வனத்துறையின் கீழ் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976-இல் அது டான்டீ என்கிற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. நீலகிரியிலும் வால்பாறையிலுமாக 4,000 ஹெக்டேருக்கு மேல் தேயிலை போட்டார்கள். காட்டை வெட்டி, அட்டைக் கடியில் கன்று நட்டவர்கள் இவர்கள்தான். கடன் வசதிக்காக 1969-இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கும் அதுவே.

எல்லாரும் தமிழ்நாட்டில் தங்கவும் இல்லை. கேரளத்தில் புனலூர், கர்நாடகத்தில் சுள்ளியா, நிக்கோபாரில் கச்சல் தீவு என்று ரப்பர் தோட்டங்களுக்கும் அனுப்பினார்கள். தமிழ் பேசும் நாட்டுக்குப் போகிறோம் என்று கிளம்பிய பிள்ளை கடைசியில் சுள்ளியாவில் கன்னட அரிச்சுவடி படித்த கதை இது. கொடைக்கானல் காட்டில் சீகைப்பட்டை உரிக்கக் கொண்டுபோய்க் கொத்தடிமைபோல் வைக்கப்பட்ட குடும்பங்களும் இருந்தன. எண்பதுகளில்தான் அது வெளியே வந்தது.

இப்போது பள்ளிக்கூடம். இது நான் கண்ணால் பார்த்தது.

இலங்கையில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும். இங்கே ஜூன். மார்ச்சில் வந்து இறங்கிய பிள்ளைக்கு அங்கேயும் வருடம் முடியவில்லை, இங்கேயும் வருடம் தொடங்கவில்லை. சான்றிதழ் சரியாக இருக்காது. சில காகிதங்கள் சிங்களத்தில் இருக்கும், படிக்க ஆள் கிடையாது. எந்த வகுப்பில் போடுவது என்று தெரியாமல் ஒரு வகுப்போ இரண்டு வகுப்போ கீழே போடுவார்கள். 1978-இல் இங்கே பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முறை போய்ப் பத்தும் இரண்டும் என்று மாறிக்கொண்டிருந்தது வேறு. பதினைந்து வயதுப் பையன் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு ஏழாம் வகுப்புப் பெஞ்சில். கால் நீட்ட இடம் இருக்காது. மீசை முளைத்திருக்கும். ஒரு மாதம் வருவான், பிறகு வர மாட்டான். பெண் பிள்ளைகள் அந்த ஒரு மாதமும் வர மாட்டார்கள்.

மொழி தமிழ்தான். ஆனால் பாடத் தமிழ் வேறு. அங்கே அட்சரகணிதம் என்று படித்தது இங்கே இயற்கணிதம். கேத்திரகணிதம் இங்கே வடிவியல். இரசாயனவியல் வேதியியல் ஆகிவிட்டது, பௌதிகவியல் இயற்பியல். தெரிந்த கணக்கையே தெரியாது என்று நிற்பார்கள், கேள்வியில் உள்ள சொல் புரியாததால். வரலாற்றில் துட்டகைமுனு போய் ராஜராஜன் வருவார். புவியியலில் மகாவலி கங்கை போய்க் காவிரி. கேலிக்குப் பயந்து வாயைத் திறக்க மாட்டார்கள். இதை மந்தம் என்று குறித்துவைத்த ஆசிரியர்களும் இருந்தார்கள்.

இதைவிடப் பெரிய தடை வீடு. டான்டீயிலும் சரி, தனியார் எஸ்டேட்டிலும் சரி, லைன் வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை செய்கிறவர் ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வெளியே ஒரு சென்ட் நிலம் கிடையாது. அதனால் அப்பா ஓய்வு பெறுவதற்கு முன் வீட்டில் ஒரு பிள்ளை பேர் பதிய வேண்டும். பத்தாம் வகுப்பில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பெண்ணை நிறுத்திக் கொழுந்துக் கூடையை மாட்டிவிட்டதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான். படிப்பின் அருமை தெரியாத பெற்றோர் என்று அவர்களைச் சொல்வது அநியாயம். அவர்களுக்குப் படிப்பின் அருமையும் தெரியும், கூரையின் விலையும் தெரியும். கூடலூர் பக்கம் ஜன்ம நிலங்களில் குடிசை போட்டவர்களுக்கும் இதே நிலைதான். 1969 ஜன்ம ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கிய நிலம் அது. பட்டா இல்லை, கரண்ட் இல்லை, எப்போது எழுப்புவார்கள் என்று தெரியாது.

இப்போது அந்த மூன்று வருடச் சலுகைக்கு வருவோம்.

அந்த வரியை எழுதிய அதிகாரி யாரோ எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டுதான் எழுதியிருக்கிறார். இப்படி இடம்பெயர்ந்த இளைஞன் வழியில் சில வருடங்களை இழந்திருப்பான், அது அவன் குற்றமில்லை என்று அரசாங்கம் ஒப்புக்கொண்ட எழுத்து அது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தச் சலுகை நின்ற இடத்தைப் பாருங்கள். பட்டம் வாங்கித் தேர்வு எழுத வருகிறவனுக்குத்தான் அது உதவும். ஏழாம் வகுப்புப் பெஞ்சிலிருந்து எழுந்து போனவனுக்கு அதனால் ஒன்றுமில்லை. மண்டபத்தில் இறங்கிய அன்று ஒரு ஆறு மாத இணைப்பு வகுப்பு, வயதுக்கு ஏற்ற வகுப்பில் இடம், மலையில் ஒரு விடுதி, இதைச் செய்திருந்தால் அந்த வயது வரம்புத் தளர்வைப் பயன்படுத்த ஆயிரம் பேர் வந்திருப்பார்கள். என் வகுப்புகளிலிருந்து அதைப் பயன்படுத்தியவர்களை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

ஆனாலும் முழுக்க இருட்டு என்று சொல்லிவிட முடியாது. அவர்களிலேயே படித்த சிலர் மற்றவர்களைத் தூக்கிவிட்டார்கள். ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் ஆசிரியராகவும் அதிபராகவும் இருந்து ஒரு தலைமுறையையே படிக்க வைத்த இர. சிவலிங்கம் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்து தாயகம் திரும்பியோர் நடுவில் வேலை செய்தார். லைன் வீட்டு வாசலில் மண்ணெண்ணெய் விளக்கில் இரவுப் பாடம் சொல்லிக்கொடுத்த, பெயர் வெளியே தெரியாத இளைஞர்களை நான் அறிவேன். அவர்களில் பலர் தாங்களே எட்டாம் வகுப்போடு நின்றவர்கள். தமக்குக் கிடைக்காததைத் தங்கைக்கும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் கொடுத்தார்கள். இன்று அந்தக் குடும்பங்களில் நர்ஸ், ஆசிரியர், வக்கீல், இன்ஜினியர் எல்லாரும் இருக்கிறார்கள். கோவை, திருப்பூர் மில்களுக்கு இறங்கியவர்களும் ஏராளம்.

வராமல் நின்றவர்கள் கதையையும் ஒரு வரி சொல்ல வேண்டும். 1982-இல் ஒப்பந்த காலம் முடிந்துவிட்டது என்று இந்தியா சொல்லிவிட்டது. 1984-இல் போர் காரணமாகக் கப்பலும் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஏறக்குறைய 84,000 பேர் இலங்கையில் தங்கிப்போனார்கள். 1988-லும் கடைசியாக 2003-லும் வந்த இலங்கைச் சட்டங்களால்தான் மலையகத்தில் நாடற்றவர் பிரச்சினை தீர்ந்தது. 1983-க்குப் பிறகு அகதியாகப் படகில் வந்து தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்களிலும் ஆயிரக்கணக்கானோர் இதே மலையக வம்சாவளியினர். தாயகம் திரும்பியோர் வேறு, அகதி வேறு. முன்னவர்கள் இந்தியப் பிரஜைகளாகவே வந்தவர்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் இன்றும் தாலுகா ஆபீஸ்களில் பிள்ளைகளைச் சாதிச் சான்றிதழுக்கு அலையவிடுகிறார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. டான்டீ நஷ்டத்தில் ஓடுகிறது என்று 2022-இல் 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க ஆணை வந்தது. அன்று பதினாறு வயதில் கப்பலில் வந்தவர்கள் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள். ஓய்வு பெற்றவர்கள் வீட்டைக் காலி செய் என்ற நோட்டீஸுக்கும், வீடு கட்டித் தருகிறோம் என்ற அறிவிப்புக்கும் நடுவில் நிற்கிறார்கள். அவர்கள் வாழ்க்கையில் இது இரண்டாவது தடவை. போன தடவை அப்பா முடிவெடுத்தார் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தத் தடவை அவர்கள் வீட்டிலும் ஒரு பத்தாம் வகுப்புப் பேத்தி இருக்கிறாள். வீட்டை எடுக்கும் உத்தரவில் கையெழுத்துப் போடுகிறவர்கள், அந்தப் பிள்ளைக்குப் பரீட்சை எந்த மாதம் என்றாவது கேட்டுவிட்டுப் போட வேண்டும். மாற்று வீடு கையில் கொடுத்த பிறகுதான் பழைய வீட்டைக் கேட்க வேண்டும்.

தாயகம் திரும்பிய குடும்பத்துப் பிள்ளைகள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். தாத்தாவின் பாஸ்போர்ட், மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை, தோட்டத்துப் பிறப்புச் சான்று இருக்கும். செல்லரிக்கும் முன் படம் எடுத்து இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுமனை கேட்கும்போதும் சாதிச் சான்றிதழ் கேட்கும்போதும் அந்தக் காகிதம்தான் பேசும். காகிதம் இல்லாததால்தான் 1948-இல் உங்கள் கொள்ளுத் தாத்தா நாடில்லாமல் நின்றார்.

அப்படியே தாத்தா பாட்டியிடம், வரும்போது எத்தனாவது படித்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்தப் பள்ளிக்கூடம், வாத்தியார் பெயர் என்ன, எந்த வகுப்போடு நின்றது. எழுதிவையுங்கள். முடிந்தவர்கள் கீழே கருத்தில் போடுங்கள், நான் தொகுத்துவைக்கிறேன்.